சித்தூர் மாம்பழக் கூழும் ஐரோப்பிய வரிச் சலுகையும்: பலன் தோட்டம் வரை வருகிறதா?

வடமாலபேட்டை: திருப்பதியிலிருந்து புத்தூர், நகரி வழியாகச் சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது வடமாலபேட்டை. 2022-ஆம் ஆண்டு மாவட்டப் பிரிப்புக்கு முன்பு ஒன்றாக இருந்த சித்தூர் மாவட்டத்தின் மாந்தோப்புகளில் விளையும் தோதாபுரி ரகம், கூழாக்கப்பட்டு, பீப்பாய்களில் அடைக்கப்பட்டு, சென்னைத் துறைமுகம் வழியாக அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்கிறது. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைக்கப்படும் அதே மாங்காய்தான் இது.

வளரும் நாடுகளின் விளைபொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் இறக்குமதி வரிச் சலுகை, இந்தக் கூழ் வணிகத்தையும் தொடுகிறது. ஆயினும், 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் இப்பகுதி விவசாயிகள் கிலோவுக்கு 8 ரூபாய் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. வெளிநாட்டுத் துறைமுகத்தில் வழங்கப்படும் சலுகை, உள்ளூர் மாந்தோப்பை ஏன் எட்டுவதில்லை என்ற கேள்வியை இந்நிலை எழுப்புகிறது.

2025 பருவத்தில் நிகழ்ந்தது என்ன?

தோதாபுரி, நேரடியாக உண்பதற்கான பழமாக அதிகம் விற்பனையாவதில்லை. விளைச்சலின் பெரும்பகுதியைக் கூழ் ஆலைகளே வாங்குகின்றன. ஆலைகள் வாங்க மறுத்தாலோ தாமதித்தாலோ விவசாயிக்கு வேறு வழி இல்லை. பழுத்த பழம் சில நாட்களுக்கு மேல் தாங்காது.

முந்தைய ஆண்டில் கிலோ 20 ரூபாய்க்கு மேல் விலைபோன இந்த ரகம், 2025-இல் கடுமையாகச் சரிந்தது. விளைச்சல் அதிகரித்ததும், முந்தைய பருவத்தின் கூழ் இருப்பு ஆலைகளில் விற்காமல் தேங்கியிருந்ததும் முக்கியக் காரணங்களாகக் கூறப்பட்டன. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய் வழங்க வேண்டும் என்றும், அரசு 4 ரூபாய் மானியமாக வழங்கும் என்றும் ஆந்திர அரசு அறிவித்தது. ஆனால், ஆலைகள் 8 ரூபாயைத் தரவில்லை என்று பல இடங்களில் விவசாயிகள் புகார் தெரிவித்தனர். ஆலை வாயில்களில் வாகனங்கள் நீண்ட வரிசையில் காத்திருந்தன.

அண்டை மாநிலங்களிலிருந்து தோதாபுரி மாங்காய் கொண்டுவருவதற்கு, அந்த ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. இதனால் தங்கள் மாநில விவசாயிகள் பாதிக்கப்படுவதாகக் கூறி, தடையை விலக்கிக்கொள்ளுமாறு கர்நாடக முதல்வர் சித்தராமையா, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்கு ஜூன் 11-ஆம் தேதி கடிதம் எழுதினார். தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகளும் அதே ரகத்தை, அதே விலைச் சரிவில் விற்க நேர்ந்தது.

ஜூலை மாதத்தில் மத்திய அரசு, சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் ஆந்திராவின் 1.62 லட்சம் டன் தோதாபுரிக்குக் குவிண்டாலுக்கு 1,490.73 ரூபாய் என விலை நிர்ணயித்து ஒப்புதல் வழங்கியது. கர்நாடகத்துக்கு 2.5 லட்சம் டன் வரை, குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற அளவில் ஒப்புதல் அளிக்கப்பட்டது.

சலுகையின் தொடக்கம்

வளரும் நாடுகளின் பொருட்களுக்குப் பணக்கார நாடுகள் குறைந்த வரி விதிக்க வேண்டும் என்ற கொள்கை, இந்திய மண்ணில்தான் சர்வதேசத் தீர்மானமாக உருப்பெற்றது. 1968-ஆம் ஆண்டு புதுதில்லியில் நடைபெற்ற ஐ.நா. வணிக மற்றும் வளர்ச்சி மாநாட்டின் இரண்டாவது அமர்வில் அத்தீர்மானம் நிறைவேறியது. ஜி.எஸ்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொதுச் சலுகை வரித் திட்டத்தை, அப்போதைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1971-இல் நடைமுறைப்படுத்தியது.

எனினும், அதற்கு முன்பே ஐரோப்பாவில் வேறொரு சலுகை முறை இருந்தது. 1957-ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை, உறுப்பு நாடுகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கடல்கடந்த நாடுகளையும் ஆட்சிப்பகுதிகளையும் தனி ஏற்பாட்டின் மூலம் ஐரோப்பியச் சந்தையுடன் இணைத்தது. அவற்றுள் பல விடுதலை பெற்றபின், ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளுடன் 1975-இல் லோமே உடன்படிக்கையும், 2000-இல் கோட்டோனூ உடன்படிக்கையும் செய்துகொள்ளப்பட்டன. இன்றும் கிரீன்லாந்து, நியூ கலிடோனியா, பிரெஞ்சு பாலினேசியா, அருபா உள்ளிட்ட 13 ஆட்சிப்பகுதிகளின் பொருட்கள் வரியோ அளவுக் கட்டுப்பாடோ இன்றி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்த் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகள் இந்தப் பட்டியலில் இல்லை. அவை பிரான்சின் பகுதிகளாக, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உள்ளேயே இருக்கின்றன.

இவ்வாறு உருவான சலுகைகளைப் படிக்கட்டாகப் பார்க்கலாம். கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளும், ஆயுதங்கள் தவிர அனைத்துக்கும் வரிவிலக்குப் பெறும் மிகப் பின்தங்கிய நாடுகளும் மேல்படியில் உள்ளன. பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் செய்துகொண்ட ஐவரி கோஸ்ட், கானா, கென்யா போன்ற நாடுகளும் அதே உயரத்தில் உள்ளன. தனி வணிக ஒப்பந்தம் கொண்ட மெக்சிகோ, பெரு, கொலம்பியா ஆகியவை அடுத்து வருகின்றன. மனித உரிமை, தொழிலாளர் உரிமை தொடர்பான உடன்படிக்கைகளை ஏற்று ஜி.எஸ்.பி. பிளஸ் பெறும் பாகிஸ்தானும் இலங்கையும் அதன் பின்னர். இந்தியா, சாதாரண ஜி.எஸ்.பி. என்னும் கீழ்ப்படியில் நிற்கிறது.

பழத்துக்கு வரி இல்லை, கூழுக்கு உண்டு

பச்சைப் பழமாகச் செல்லும் மாம்பழத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் எந்த நாட்டிடமிருந்தும் சுங்க வரி வசூலிப்பதில்லை. அதே மாம்பழம் பதப்படுத்தப்பட்டுக் கூழாகச் சென்றால் வரி உண்டு. சேர்க்கப்படும் சர்க்கரையின் அளவைப் பொறுத்து வரிப் பிரிவும் மாறுகிறது. மூலப்பொருளுக்குக் குறைந்த வரி, பதப்படுத்திய பொருளுக்குக் கூடுதல் வரி என்ற இந்த ஏறுவரிசை, வளரும் நாடுகள் நீண்டகாலமாக எதிர்த்துவரும் ஒன்று. ஆலையும் அதன் வேலைவாய்ப்பும் இறக்குமதி செய்யும் நாட்டிலேயே இருக்க வேண்டும் என்ற நோக்கத்துக்கு அது துணைசெய்கிறது.

வடமாலபேட்டை, புத்தூர் வட்டாரத்துக்கு இந்த ஏறுவரிசை நேரடியாகப் பொருந்துகிறது. வரி இல்லாத பச்சைப் பழச் சந்தையில் தோதாபுரிக்குப் பெரிய இடம் இல்லை. அது செல்லக்கூடிய வடிவத்துக்கே வரி விதிக்கப்படுகிறது.

ஜி.எஸ்.பி. இங்குதான் உதவ வேண்டும். ஆனால், சாதாரண ஜி.எஸ்.பி.யில் இரண்டு வகைப் பொருட்கள் உள்ளன. உள்நாட்டு உற்பத்தியைப் பாதிக்காது என்று கருதப்படுபவற்றுக்கு வரி முற்றிலும் நீக்கப்படுகிறது. பாதிக்கக்கூடும் என்று கருதப்படுபவற்றுக்கு, பொதுவாக 3.5 விழுக்காட்டுப் புள்ளிகள் மட்டுமே குறைக்கப்படுகின்றன. சலுகை பெறும் வேளாண் பொருட்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. சில பொருட்களுக்கு இதைவிடக் கூடுதல் குறைப்பும் உண்டு.

இதன் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு டன் கூழுக்குச் சுமார் இரண்டு டன் தோதாபுரி தேவைப்படுகிறது. ஒரு டன் கூழின் ஏற்றுமதி விலை 60,000 ரூபாய் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டால், 3.5 புள்ளி வரிக் குறைப்பின் மதிப்பு 2,100 ரூபாய். அதை 2,000 கிலோ பழத்துக்குப் பகிர்ந்தால், கிலோவுக்குச் சுமார் ஒரு ரூபாய். அந்தச் சலுகை முழுவதும் விவசாயிக்கே வந்து சேர்ந்தாலும் கிடைக்கக்கூடியது அவ்வளவே. ஆந்திர அரசு அறிவித்த மானியம் அதைப்போல் நான்கு மடங்கு.

அந்த ஒரு ரூபாயும் முழுமையாக வருவதில்லை. சுங்க வரியைச் செலுத்துபவர் ஐரோப்பிய இறக்குமதியாளர். வரி குறைந்தால் முதலில் மிச்சமாவது அவருக்கு. அதில் ஒரு பகுதியைக் கூடுதல் விலையாகப் பெறும் பேரவலிமை ஏற்றுமதியாளருக்கு இருந்தால் பெறலாம். ஏற்றுமதியாளரிடமிருந்து பெறும் வலிமை விவசாயிக்கு இருந்தால் அவரும் பெறலாம். கிடங்கில் பழைய இருப்பு நிறைந்திருக்க, ஆலை வாயிலில் டிராக்டர்கள் காத்திருக்கும் ஜூன் மாதத்தில் அத்தகைய வலிமை விவசாயிக்கு இல்லை.

சுங்கச் சாவடி அறியாத மாவட்ட எல்லை

சலுகையைப் பெறுவதற்கு, பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்பதை நிறுவ வேண்டும். இதற்கு மூல நாட்டு விதி என்று பெயர். முழுவதும் இந்திய மண்ணில் விளைந்த பழத்திலிருந்து இந்தியாவில் தயாரான கூழ் எளிதில் இத்தகுதியைப் பெறுகிறது. முன்பு அரசு அலுவலகங்கள் வழங்கிய சான்றிதழுக்குப் பதிலாக, 2017 முதல் பதிவுபெற்ற ஏற்றுமதியாளர் முறை நடைமுறைக்கு வந்தது. 6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்குகளுக்கு, பதிவு செய்துகொண்ட ஏற்றுமதியாளரே தமது விலைப்பட்டியலில் மூல நாட்டு அறிவிப்பை எழுதித் தரலாம்.

இந்த விதியின் கண்களுக்கு சித்தூர், கோலார், கிருஷ்ணகிரி என்ற வேறுபாடு கிடையாது. மூன்றும் இந்தியாதான். ராட்டர்டாம் துறைமுகத்தில் ஒரே சலுகையைப் பெறும் பழங்கள், 2025 ஜூன் மாதத்தில் சித்தூர் மாவட்டச் சோதனைச் சாவடியில் வேறு வேறாகப் பிரிக்கப்பட்டன. உள்ளூர் விவசாயியைக் காக்க அந்நேரத்தில் வேறு கருவி இல்லை என்பது நிர்வாகத்தின் தரப்பு. ஆயினும், சலுகை நாட்டுக்கு வழங்கப்படுகிறது, நெருக்கடியோ மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனியே கையாளப்படுகிறது என்ற இடைவெளியை அந்தத் தடை வெளிப்படுத்தியது. ஒரே கூழ்ச் சந்தையை நம்பியுள்ள மூன்று மாநிலங்களுக்கும் பொதுவான பருவகால விலை ஏற்பாடு எதுவும் இல்லை.

பயன்படத் தொடங்கினால் குறையும் சலுகை

ஒருதலையாக வழங்கப்படும் சலுகை, வழங்கியவரின் விருப்பத்தைச் சார்ந்தது. வரலாற்றில் இதற்குப் பல சான்றுகள் உள்ளன.

1990-களில், தென் அமெரிக்காவின் கயானா, சூரினாம் நாடுகளின் அரிசி, நெதர்லாந்து ஆண்டிலீஸ், அருபா ஆகிய ஆட்சிப்பகுதிகளில் ஆலைகளில் பதப்படுத்தப்பட்டு வரியின்றி ஐரோப்பாவுக்குள் வந்தது. அளவு பெருகியதும், ஐரோப்பிய அரிசி உற்பத்தியாளர்களைக் காக்க 1997-இல் அளவுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. வரியும் இல்லை, வரம்பும் இல்லை என்ற உறுதிமொழி, அரிசி உண்மையில் வரத் தொடங்கியதும் சுருங்கியது.

இலங்கை 2010-இல் மனித உரிமைக் காரணங்களால் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை இழந்து, 2017-இல் மீண்டும் பெற்றது. அமெரிக்கா தனது ஜி.எஸ்.பி. பட்டியலிலிருந்து இந்தியாவை 2019 ஜூன் 5 முதல் நீக்கியது. போதைப்பொருள் ஒழிப்பைக் காரணம் காட்டிப் பாகிஸ்தான் உள்ளிட்ட 12 நாடுகளுக்கு ஐரோப்பா வழங்கிய கூடுதல் சலுகையை எதிர்த்து, இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2004 ஏப்ரலில் வெளியான மேல்முறையீட்டுத் தீர்ப்பு, வெளிப்படையான, ஒரேமாதிரியான அளவுகோல் இன்றிச் சில நாடுகளை மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றது. ஆனால், நாடுகளின் தேவைக்கேற்பச் சலுகையை வேறுபடுத்தலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றது. மறு ஆண்டில் பிறந்த ஜி.எஸ்.பி. பிளஸ் அதன் விளைவே.

2026 ஜனவரி 1 முதல் 2028 இறுதி வரை, ஜவுளி, வேதிப்பொருள், நெகிழி, இரும்பு, இயந்திரம் உள்ளிட்ட இந்தியத் தொழிற்பொருட்கள் பலவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. சலுகையை நிறுத்தியுள்ளது. போட்டித்திறன் அடைந்துவிட்ட துறைகள் சலுகையிலிருந்து தேர்ச்சி பெற்று வெளியேறுகின்றன என்பது இதற்கான விளக்கம். வேளாண் பொருட்களுக்கான சலுகை தொடர்கிறது. ஆனால், விற்பனை ஒரு வரம்பைக் கடந்தால் சலுகை போய்விடும் என்ற அதே விதி அவற்றுக்கும் உண்டு.

வரியைவிட உயரமான சுவர்

ஐரோப்பியச் சந்தையில் இந்திய விளைபொருட்களைத் தடுத்து நிறுத்தியது பெரும்பாலும் வரி அல்ல, தரவிதி. பழ ஈ காணப்பட்டதால், அல்போன்சா உள்ளிட்ட இந்திய மாம்பழங்களுக்கும், சேம்பு, பாகல், புடலை, கத்தரி ஆகிய காய்களுக்கும் 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. ஏற்றுமதிக்கு முந்தைய சோதனைகள் வலுப்படுத்தப்பட்ட பின், மாம்பழத்துக்கான தடை 2015 தொடக்கத்தில் விலக்கப்பட்டது. அந்தத் தடைக் காலத்திலும் மாம்பழத்துக்கான சுங்க வரி பூஜ்யமாகவே இருந்தது.

சூடேற்றிப் பதப்படுத்தப்படும் கூழில் பழ ஈ பிரச்சினை இல்லை. பூச்சிக்கொல்லி எச்சம் உண்டு. தனி வரம்பு நிர்ணயிக்கப்படாத மருந்துகளுக்கு, ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது வரம்பைக் கடைப்பிடிக்கிறது. இந்தியத் தோட்டங்களில் நெடுங்காலம் புழங்கிவந்த குளோர்பைரிபாஸ் மருந்துக்கு 2020 ஜனவரியில் ஐரோப்பா அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் முதல் அதற்கும் இதே 0.01 வரம்பு வந்தது. நூறு தோட்டங்களின் பழம் ஒரே தொட்டியில் கலக்கும் கூழ் ஆலையில், தவறான நேரத்தில் மருந்து தெளித்த சில தோட்டங்கள் போதும், முழுச் சரக்கும் நிராகரிக்கப்படுவதற்கு.

மகாராஷ்டிர திராட்சை விவசாயிகள் இந்தப் பாடத்தை 2010-இல் கற்றனர். குளோர்மெகுவாட் என்னும் வளர்ச்சி ஒழுங்குபடுத்தும் மருந்தின் எச்சம் கண்டறியப்பட்டு, ஐரோப்பாவில் இந்தியத் திராட்சைச் சரக்குகள் தேங்கின. வேளாண் மற்றும் பதப்படுத்தப்பட்ட உணவுப் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடாவின் கிரேப்நெட் மூலம், ஒவ்வொரு தோட்டத்தையும் பதிவுசெய்து, சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பின்தொடரும் முறை அதன்பின் மேலும் இறுக்கப்பட்டது. தோட்டத்துக்குப் பதிவு எண் கிடைத்தபோது, தரமான பழத்தைத் தனியே அடையாளம் காட்டிக் கூடுதல் விலை கேட்கும் வாய்ப்பும் விவசாயிக்குக் கிடைத்தது.

தோதாபுரிக்கு இவ்வாறான தொடர்பு வலுவாக இல்லை. பெரும்பாலான பழம் மண்டிகள், இடைத்தரகர்கள் வழியாக ஆலையை அடைகிறது. யார் எந்த மருந்தை எப்போது தெளித்தார் என்ற குறிப்பு அந்தப் பயணத்தில் தொலைந்துவிடுகிறது. ஐரோப்பிய வரம்புக்குள் விளைவித்தவருக்கும் விளைவிக்காதவருக்கும் ஒரே விலை என்றால், கூடுதல் கவனம் செலுத்துவதற்கு விவசாயிக்குக் காரணம் இல்லை.

ஐரோப்பா மட்டுமே சந்தை அல்ல

இந்திய மாம்பழக் கூழின் முக்கிய வாடிக்கையாளர்களில் சவுதி அரேபியா, ஏமன் போன்ற நாடுகளும் உண்டு. வளைகுடா நாடுகளின் பொதுச் சுங்க வரி பெரும்பாலான பொருட்களுக்கு 5 விழுக்காடு என்பதால், அங்கு வரிச் சலுகை பெரிய விஷயமல்ல. ஆனால், 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் மீது நடந்த தாக்குதல்கள், ஐரோப்பாவுக்குச் செல்லும் கப்பல்களை ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல வைத்து, சரக்குக் கட்டணத்தையும் காலத்தையும் கூட்டின. 3.5 புள்ளி வரிக் குறைப்பின் பலனை ஒரு பருவத்தின் கப்பல் கட்டணமே விழுங்கிவிடக்கூடும்.

புதிய ஒப்பந்தம் என்ன செய்யும்?

2007-இல் தொடங்கி, 2013-இல் முடங்கி, 2022-இல் மீண்டும் தொடங்கிய இந்தியா–ஐரோப்பிய ஒன்றிய தடையற்ற வணிக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை நிறைவடைந்ததாக 2026 ஜனவரி 27 அன்று புதுதில்லியில் அறிவிக்கப்பட்டது. கையெழுத்து, நாடாளுமன்ற ஒப்புதல் ஆகிய கட்டங்களைக் கடந்த பின்னரே இத்தகைய ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும். அதுவரை 2027 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ள ஜி.எஸ்.பி. ஒழுங்குமுறையே இந்தியக் கூழுக்கு வழி. பிரிட்டனுடன் 2025 ஜூலை 24 அன்று இந்தியா தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

ஒப்பந்தத்துக்கும் ஜி.எஸ்.பி.க்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. ஒப்பந்தத்தின் கீழ் கிடைக்கும் வரிக் குறைப்பு, ஏற்றுமதி பெருகிவிட்டது என்ற காரணத்துக்காக ஒருதலையாக விலக்கிக்கொள்ளப்படுவதில்லை. பெரு, கொலம்பியா ஆகியவை 2013 முதல் பெற்றுவரும் நிலைத்தன்மை அதுவே. அடுத்த பத்தாண்டுகளுக்கான வரி விகிதம் தெரிந்தால்தான், ஆலை உரிமையாளர் விவசாயியுடன் பல ஆண்டு கொள்முதல் ஒப்பந்தம் செய்யத் துணிவார்.

ஆயினும், வரி பூஜ்யமாகக் குறைந்தாலும், மேலே கண்ட கணக்கின்படி அதன் பலன் முதலில் இறக்குமதியாளரின் கணக்கிலேயே சேரும். அது தோட்டம் வரை வருவதற்கு மூன்று ஏற்பாடுகள் தேவை. முதலாவது, பருவம் தொடங்குமுன் ஆலைகளின் கூழ் இருப்பு வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். 2025-இல் தேங்கிய இருப்பின் அளவை விவசாயிகள் அறிந்தது, பழம் பழுத்த பின்னர்தான். இரண்டாவது, தோட்டப் பதிவும் மருந்துக் குறிப்பும் கொண்ட பழத்துக்கு ஆலைகள் தனி விலை வழங்க வேண்டும். மூன்றாவது, ஆந்திரா, கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்றும் தோதாபுரிக்கு ஒரே குறைந்தபட்ச விலையைப் பருவத்துக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். ஜூலையில் வந்த மத்திய அரசின் ஒப்புதலிலேயே ஆந்திராவுக்கு ஒரு விலையும் கர்நாடகத்துக்கு இன்னொரு விலையும் இருந்தன.

இம்மூன்றும் பிரஸ்ஸல்ஸ் நகரில் முடிவாக வேண்டியவை அல்ல. சித்தூர், கோலார், கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகங்களிலும், மூன்று மாநிலத் தோட்டக்கலைத் துறைகளிலும், தில்லியிலும் முடிவாகக்கூடியவை. மாமரங்கள் பூக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களே அதற்கான காலம். பழம் ஆலை வாயிலை அடைந்த பின் எடுக்கப்படும் முடிவுகள் மானியமாகவும் தடையாகவும் மட்டுமே அமையும் என்பதை 2025-ஆம் ஆண்டுப் பருவம் காட்டியுள்ளது.